எம்டி5-இலிருந்து பிகிரிப்டுக்கு: ஒரு பழைய மாணவர் சங்கத் தளத்தில் செய்த வேலை

சங்கத்தின் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்தார். கல்லூரியில் எனக்குக் கணிதம் எடுத்தவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். “தம்பி, துபாயில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் கடவுச்சொல்லை மறந்துவிட்டாராம். டேபிளைத் திறந்து பார்த்து என்னவென்று சொல்லிவிடுங்களேன்” என்றார்.

“அப்படியெல்லாம் பார்க்க முடியாது ஐயா. யாருடைய கடவுச்சொல்லும் அதில் இருக்காது, அதை அரைத்து எடுத்த எழுத்துக்கோவையான ஹேஷ்தான் இருக்கும்” என்று கொஞ்சம் பெருமையோடே சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று பார்க்கத் தளத்தின் தரவுத்தளத்தைத் திறந்தேன். 2009-இல் அப்போதைய மாணவர்கள் சிலர் சேர்ந்து பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதிய தளம். இரண்டு வருடங்களாக நான்தான் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறேன். படங்கள் ஏற்றுவது, சந்திப்பு அறிவிப்பு போடுவது என்று போய்க்கொண்டிருந்ததே தவிர, உறுப்பினர் டேபிளை அதுவரை எட்டிப் பார்த்ததில்லை.

கடவுச்சொல் நெடுவரிசையின் நீளம் 32 எழுத்து. அதைப் பார்த்தவுடனேயே வயிற்றில் புளி கரைத்தது. எம்டி5, ஹேஷ் போடும் பழைய முறை. ஆளுக்கு ஆள் ஹேஷை வேறுபடுத்தும் சால்ட் கிடையாது. ஈ10ஏடிசி3949 என்று தொடங்கும் ஒரு வரி கண்ணில் திரும்பத் திரும்பப் பட்டது. இந்தத் தொழிலில் சில வருடம் இருந்தவர்களுக்கு அது மனப்பாடம்: 123456 என்பதன் எம்டி5 அது. எண்ணிப் பார்த்தேன், 312 பேர். சால்ட் இல்லாததால் ஒரே கடவுச்சொல் வைத்த எல்லோருக்கும் ஒரே வரி. ஒருவருடையது தெரிந்தால் 312 பேருடையதும் தெரிந்த மாதிரி.

ஐயாவை அழைத்துச் சொன்னேன். நம்பவில்லை. “என்னுடையதைச் சொல்லுங்கள் பார்ப்போம்” என்றார். அவரே கேட்டதால் பார்த்தேன். முதலில் பிறந்த தேதிகளை முயன்றேன். நூறு வருடத்துக்கு 36,525 நாட்கள்தானே. எல்லாத் தேதிகளுக்கும் எம்டி5 போட்டு ஒப்பிட என் பழைய மடிக்கணினிக்குக் கண் சிமிட்டும் நேரம்கூடத் தேவைப்படவில்லை. “எட்டு இலக்கம், பிறந்த தேதி. சரிதானே ஐயா?” என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “என்னுடையது இல்லை, என் மனைவியுடையது” என்றார்.

வேலை அன்றைக்கே தொடங்கியது.

எம்டி5-ஐக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1992-இல் குறியாக்கவியலாளர் ரான் ரிவெஸ்ட் வெளியிட்டபோது கடவுச்சொல்லைப் பாதுகாக்க என்று அதைச் செய்யவில்லை. ஒரு கோப்பின் சுருக்கத்தை வேகமாகக் கணக்கிட வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த வேகமே இங்கே எதிரி, ஊகித்து ஊகித்துப் பார்க்கும் திருடனுக்கும் அதே வேகம்தானே. இன்றைய உயர்ரக கிராபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்குப் பத்தாயிரம் கோடிக்கும் மேல் எம்டி5 போடும். நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மசியேரும் 1999-இல் வெளியிட்ட பிகிரிப்ட் இதற்கு நேர் எதிர், வேண்டுமென்றே மெதுவாக ஓடுவது. ‘காஸ்ட்’ என்ற எண்ணை ஒன்று கூட்டினால் வேலை இரட்டிப்பாகும். காஸ்ட் 12 வைத்தால் அதே அட்டை நொடிக்குச் சில ஆயிரத்தைத் தாண்டாது. சால்ட்டும் தானாகவே சேர்ந்துவிடும்.

சால்ட் என்றால் என்ன என்று ஐயாவுக்கு விளக்கினேன்: ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு தற்செயலான துணுக்கைக் கடவுச்சொல்லோடு சேர்த்து அரைக்கிறோம், அதனால் ஒரே கடவுச்சொல் வைத்த இரண்டு பேருக்கும் வெவ்வேறு ஹேஷ் வரும் என்று. “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கணக்கு வாத்தியாரிடம் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை.

உண்மையில் என் முதல் விருப்பம் பிகிரிப்ட் அல்ல, ஆர்கான்2ஐடி. 2015-இல் கடவுச்சொல் ஹேஷ் போட்டியில் வென்றது ஆர்கான்2. நேரத்தோடு நினைவகத்தையும் தின்பதால் கிராபிக்ஸ் அட்டைக்காரர்களுக்கு இன்னும் கசக்கும். பிஎச்பியில் அதன் ஐடி வகை 7.3 முதல் உண்டு, ஆனால் அந்த நூலகத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால்தான். எங்கள் மலிவு ஹோஸ்டிங்கில் அப்படிக் கட்டவில்லை, கேட்டதற்குப் பதிலும் வரவில்லை. கிடைத்ததை வைத்துக் குடும்பம் நடத்துவோம் என்று பிகிரிப்டுக்கு வந்தேன். பிஎச்பி 5.5-இலிருந்தே அதற்கான செயற்கூறுகள் கூடவே வருகின்றன, வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம்.

எந்த அல்காரிதம் என்று முடிவு செய்ய அரை மணி நேரம் போயிருக்கும். மற்ற எல்லா நாட்களும் வேறு விஷயத்துக்குப் போயின.

ஹேஷிலிருந்து கடவுச்சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. புது ஹேஷ் போட வேண்டுமென்றால் உறுப்பினர் வந்து கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். தட்டும்போது பழைய ஹேஷோடு ஒப்பிட்டு, சரி என்றால் அந்த நொடியிலேயே புது ஹேஷ் போட்டுச் சேமிப்பதுதான் எல்லோரும் சொல்லும் வழி. தினமும் வருகிற வங்கித் தளத்துக்கு அது பொருந்தும். பழைய மாணவர் சங்கத்துக்கு யார் தினமும் வருகிறார்கள்? 11,400 கணக்குகளில் முந்தைய ஒரு வருடத்தில் எட்டிப் பார்த்தவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 1964-ஆம் ஆண்டு மாணவர்களும் பட்டியலில் இருக்கிறார்கள், அவர்களில் பலர் இனி எந்தத் தளத்துக்கும் வரப்போவதில்லை. அவர்கள் வரும்வரை காத்திருந்தால் டேபிளில் ஐந்தில் நான்கு பங்கு எம்டி5-ஆகவே உட்கார்ந்திருக்கும்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுஅமைப்பு இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பலாமே என்றார் நண்பர் ஒருவர். பதிவில் இருக்கும் முகவரிகளில் பாதி எப்போதோ விட்டுப்போன அலுவலகங்களுடையவை. அப்படிச் செய்தால் வேலி போடுகிறேன் என்று வீட்டுக்காரரையே வெளியே நிறுத்தியதாகும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு: பழைய ஹேஷையே கடவுச்சொல்லாகக் கருதி, அதன் மேல் உறை மாதிரி பிகிரிப்ட் போடுவது. உறுப்பினர் யாரும் வர வேண்டியதில்லை, ஒரே இரவில் டேபிள் முழுவதும் மாறிவிடும். உள்நுழையும்போது தட்டிய சொல்லுக்கு முதலில் எம்டி5, அதன் மேல் பிகிரிப்ட் என்று சரிபார்க்கலாம். ஜாங்கோ என்ற வலைத்தளக் கட்டமைப்பின் ஆவணத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. ஃபேஸ்புக்கும் எம்டி5-இல் தொடங்கி, மேலே ஒவ்வோர் அடுக்காகப் போட்டுக்கொண்டு போனதை அங்கே வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் 2014-இல் மேடையிலேயே விளக்கினார். நான் இதோடு முதல் வழியையும் சேர்த்துக்கொண்டேன். முதலில் எல்லாவற்றுக்கும் உறை. பிறகு யார் யார் வருகிறார்களோ அவர்களுக்கு மட்டும் உறையை எடுத்துவிட்டு, தட்டிய சொல்லுக்கே நேரடி ஹேஷ்.

எந்தப் பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய புதிதாக ஒரு நெடுவரிசை வைத்தேன்: 0 என்றால் வெறும் எம்டி5, 1 என்றால் உறை போட்டது, 2 என்றால் நேரடி. இது இல்லாமலும் சமாளிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சோதனைச் சர்வரில் நிரலைக் கவனமில்லாமல் இரண்டாவது முறை ஓட்டினேன். உறைக்கு மேல் இன்னோர் உறை ஏறி, ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த எண்ணைப் பார்க்காமல் எந்தப் பதிவையும் தொடுவதில்லை.

நெடுவரிசையின் நீளத்தை 255 ஆக்கினேன். பிகிரிப்டின் விளைவு 60 எழுத்துத்தான், ஆனால் நாளைக்கு ஆர்கான்2 வந்தால் இன்னும் நீளும். பழைய நிரல் கடவுச்சொல்லை எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியின் வாக்கியத்துக்குள்ளேயே ஒப்பிட்டுக்கொண்டிருந்தது, மின்னஞ்சலும் எம்டி5-உம் பொருந்தும் பதிவைக் கொடு என்று. சால்ட் வந்த பிறகு அது நடக்காது. மின்னஞ்சலை வைத்துப் பதிவை எடுத்து, ஹேஷைப் பிஎச்பியில் சரிபார்க்க வேண்டும். அந்த மின்னஞ்சலே இல்லை என்றாலும் ஒரு போலி ஹேஷை வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் ‘தவறு’ என்று சொல்கிறேன். இல்லாத முகவரிக்கு மட்டும் பதில் சட்டென்று வந்தால், யார் யார் உறுப்பினர் என்பதைக் கடிகாரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இனி, இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் படிக்காது, மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆங்கிலத்தில் தட்டுகிறவர்களுக்கு 72 எழுத்து என்பது தாராளம். தமிழில், எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறைப்படி, ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ‘தமிழ்’ என்பது பார்வைக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, 15 பைட். அதாவது 24 குறிகளோடு கதை முடிந்தது. தமிழ் ஆசிரியர்கள் நிறைந்த சங்கத்தில் கடவுச்சொல்லாக எதை வைப்பார்கள் என்று யோசித்து, முதல் குறளையே சோதனைச் சர்வரில் வைத்துப் பார்த்தேன். ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி’ வரை எண்ணினால், இடைவெளிகளையும் (ஒன்றுக்கு ஒரு பைட்) சேர்த்து, அச்சாக 72 பைட். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பகவனும் உலகும் கணக்கிலேயே இல்லை. ‘ஆதி’க்குப் பிறகு ‘வாழைக்காய் பொரியல்’ என்று தட்டினேன். வரவேற்புப் பக்கம் திறந்தது.

இரவு பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு சரிசெய்தேன். கடவுச்சொல்லை நேராகப் பிகிரிப்டுக்குக் கொடுக்காமல், முதலில் ஒரு ரகசியச் சாவியோடு எச்மேக்-எஸ்எச்ஏ384 என்ற ஹேஷ் போட்டு, அதை பேஸ்64-ஆக, அதாவது சாதாரண எழுத்துகளாக, மாற்றினேன். எவ்வளவு நீளக் கடவுச்சொல்லாக இருந்தாலும் விளைவு 64 எழுத்துத்தான், 72-க்குள் அடங்கிவிடும். பேஸ்64-ஆக மாற்றாமல் பச்சை பைட்டுகளாகவே கொடுத்தால், நடுவில் ஒரு சுழி பைட் வரும்போது பிகிரிப்ட் அங்கேயே நின்றுவிடும் ஆபத்து உண்டு. வலைத்தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2025-இல் 6.8 பதிப்பில் பிகிரிப்டுக்கு மாறியபோது செய்ததும் ஏறக்குறைய இதுதான். கூடவே, ‘கொ’ போன்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்தும் அனுப்பும் விசைப்பலகைகள் இருப்பதால், நேரடி ஹேஷுக்கு முன்னால் இரண்டையும் ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கமும் சேர்த்துக்கொண்டேன்.

சாவி எதற்கு என்று ஐயா கேட்டார். உறுப்பினர் ஒருவர் இதே கடவுச்சொல்லை வேறொரு தளத்திலும் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தளத்தின் எம்டி5 பட்டியல் எப்போதோ கசிந்திருக்கிறது. நம் டேபிளைத் திருடியவன் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கவே வேண்டாம், கசிந்த எம்டி5-களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிகிரிப்டுக்குள் போட்டுப் பார்த்தால் போதும். எது பொருந்துகிறது என்று தெரிந்துவிட்டால் பிகிரிப்ட் உரிந்துவிடும், மீதியை எம்டி5 வேகத்தில் உடைக்கலாம். நடுவில் நம் சாவி இருந்தால், அது கையில் இல்லாமல் இந்த உரிப்பு நடக்காது. அதனால் சாவி தரவுத்தளத்தில் இருக்கக் கூடாது, தனிக் கோப்பில் இருக்க வேண்டும். அது தொலைந்தாலோ 11,400 பேரும் வெளியே. அச்சிட்டு, கவரில் ஒட்டி, சங்கத்தின் பீரோவில் வைத்திருக்கிறோம். கவரின் மேல் ஐயா தன் அழகான கையெழுத்தில் ‘திறக்க வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறார். எதற்கானது என்று எழுதவில்லை. எழுதச் சொல்ல வேண்டும்.

மாற்றும் இரவு. எங்கள் சர்வரில் காஸ்ட் 12-க்கு ஒரு ஹேஷ் 0.23 நொடி. 11,400-க்கு முக்கால் மணி நேரம். உலாவியில் ஓட்டினால் பாதியில் அறுந்துவிடும் என்று கட்டளை வரியிலிருந்து நூறு நூறாக ஓட்டினேன். ஒவ்வொரு பதிவையும் எழுதும்போது, ‘நான் படித்த எம்டி5 இன்னும் அப்படியே இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனையோடு எழுதினேன். நான் கணக்கிடும் கால் நொடிக்குள் யாராவது கடவுச்சொல்லை மாற்றினால் அதன் மேல் பழையதை எழுதிவிடக் கூடாதல்லவா? அப்படி ஒருவர் சிக்கவும் செய்தார். நள்ளிரவில் கடவுச்சொல் மாற்றும் மனிதரும் சங்கத்தில் இருக்கிறார்.

காலையில் முதல் அழைப்பு நன்கொடைப் பக்கத்திலிருந்து. யாராலும் உள்ளே போக முடியவில்லை. அது வேறொரு தரவுத்தளத்தில் ஓடுகிறது என்பதும், இரவுதோறும் உறுப்பினர் டேபிளின் நகல் அங்கே போகிறது என்பதும் எனக்குத் தெரியாது. அந்த நகலின் நெடுவரிசை இன்னும் 32 எழுத்துத்தான். கண்டிப்பு முறை அணைக்கப்பட்ட மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், 60 எழுத்து ஹேஷை 32-இல் வெட்டிப் போட்டுவிட்டு ஒரு முணுமுணுப்போடு நகர்ந்துவிட்டது. தவறு என்று கத்தியிருந்தால் இரவே தெரிந்திருக்கும். நகலெடுப்பதையே நிறுத்தி, நன்கொடைப் பக்கத்தையும் பிரதான உள்நுழைவு வழியாகவே வரவைத்தேன். கடவுச்சொல் இரண்டு இடத்தில் இருக்க ஒரு காரணமும் இல்லை.

இதைத் தேடும்போது இன்னொன்று அகப்பட்டது. ‘என்னை நினைவில் வை’ என்று டிக் செய்தவர்களின் உலாவியில் தளம் விட்டுவைக்கும் குக்கீயில் உறுப்பினர் எண்ணும் அதே எம்டி5-உம். அதாவது டேபிள் கையில் இருந்தால் கடவுச்சொல்லை உடைக்கவே வேண்டாம், ஹேஷை அப்படியே குக்கீயில் வைத்து உள்ளே போகலாம். 2015-இல் ஆஷ்லி மேடிசன் என்ற டேட்டிங் தளம் கசிந்தபோது கடவுச்சொற்கள் காஸ்ட் 12 பிகிரிப்டில்தான் இருந்தன. ஆனால் பக்கத்து நெடுவரிசை ஒன்றில் கடவுச்சொல்லை வைத்துச் செய்த எம்டி5 டோக்கன் கிடந்தது, அதன் வழியாக ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேல் உடைத்துவிட்டார்கள். வாசலில் எத்தனை பூட்டு போட்டு என்ன, கொல்லைப்புறம் திறந்திருந்தால்? எங்கள் குக்கீயைத் தூக்கிவிட்டுத் தற்செயல் எண் வைத்தேன். எல்லோரும் ஒருமுறை வெளியேற்றப்பட்டார்கள், அதற்கு வந்த திட்டுகளை ஐயா வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது வாரம் நான்கு பேரிடமிருந்து புகார், சரியான கடவுச்சொல்லே வேலை செய்யவில்லை என்று. மறந்திருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். நான்கில் ஒருவர் பிடிவாதக்காரர். ‘என் கடவுச்சொல்லில் ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறது, அதை எப்படி மறப்பேன்’ என்று எழுதினார். பொறி தட்டியது. 2009-இன் பிஎச்பியில் மாய மேற்கோள் என்றொரு வசதி உண்டு. படிவத்தில் வரும் மேற்கோள் குறிக்கு முன்னால் தானாகவே ஒரு பின்சாய்கோடு சேர்க்கும். 5.4-இல் அதை நீக்கியபோது இங்கே யாரோ அதே வேலையைச் செய்யும் ஒரு சிறு செயற்கூறை எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் உள்நுழைவைப் புதிதாக எழுதும்போது, ‘இதென்ன அசிங்கம்’ என்று அதை வெட்டிவிட்டிருந்தேன். இவர்களுடைய எம்டி5 எல்லாம் பின்சாய்கோட்டோடு சேர்த்துப் போட்டவை. உறை போட்ட பதிவுகளுக்கு மட்டும் இரண்டு விதமாகவும் முயலும்படி மாற்றினேன். பொருந்தியதும் நேரடி ஹேஷாகிவிடுவதால் அந்த அசிங்கம் அவர்களுக்கு ஒருமுறைதான். பழைய நிரலில் காரணம் புரியாத வரியை இப்போதெல்லாம் நான் வெட்டுவதில்லை, முறைத்துப் பார்ப்பதோடு சரி.

மூன்று மாதத்தில் 1,900 பேர் நிலை 2-க்கு வந்தார்கள். மற்றவர்கள் உறையோடு இருக்கிறார்கள், இருக்கட்டும். காஸ்ட்டை நாளைக்குக் கூட்டினாலும் உள்நுழையும்போது ஹேஷ் பழையதா என்று கேட்டுப் புதுப்பிக்கும் செயற்கூறு பிஎச்பியிலேயே இருக்கிறது.

எல்லாம் முடிந்தது என்று ஐயா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். காபி வந்தது. ஹோஸ்டிங்கில் கிடந்த பழைய பேக்கப்புகளை அழித்ததையும், மின்னஞ்சல் இணைப்பாகப் போன இரண்டு நகல்களைத் தேடி நீக்கியதையும் சொன்னபோது, “பென் டிரைவ்?” என்றார்.

“எந்த பென் டிரைவ் ஐயா?”

“2016-இல் சர்வர் மாற்றும்போது உறுப்பினர் பட்டியலை முழுவதுமாக எடுத்து அன்றைய பொருளாளரிடம் கொடுத்தோமே. அவர் பெங்களூருக்குப் போய்விட்டார்.”

அவரை அழைத்துக் கேட்டோம். வீடு மாற்றும்போது எங்கோ போய்விட்டதாம், அதில் என்ன இருந்தது என்பதே அவருக்கு நினைவில்லை. நான் போட்ட உறை அந்த நகலுக்குப் போகாது. அதில் இருப்பது பச்சை எம்டி5, அதன் பிறகு கடவுச்சொல்லை மாற்றாதவர்களுக்கு அது இன்றைக்கும் செல்லும். அன்று மாலை ஐயா சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: ‘2016-க்குப் பிறகு கடவுச்சொல்லை மாற்றாத உறுப்பினர்கள் தயவுசெய்து உடனே மாற்றவும். இதே சொல்லை வேறு எங்காவது வைத்திருந்தால் அங்கும் மாற்றவும்.’ காரணத்தையும் மறைக்காமல் எழுதினோம். அந்த நகலில் இருந்தவர்கள் 9,600 பேர், எல்லோருக்கும் அனுப்பினோம். இரவுக்குள் 4,100 கடிதங்கள் முகவரி இல்லை என்று திரும்பி வந்தன. அந்தப் பட்டியலை ஆண்டுவாரியாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டு மாணவரிலும் தொலைபேசி எண்கள் தெரிந்த ஒருவரிடம் ஐயா கொடுத்துக்கொண்டிருக்கிறார். 1964-ஆம் ஆண்டுக்கு அவரே அழைக்கிறார்.